பெரிய வளாகத்துக்குப் புல் வெட்டும் வண்டி: மதுரைத் தரைக்கு எது ஒத்துவரும்?

ஐப்பசியில் இரண்டு மூன்று மழை நன்றாகப் பெய்துவிட்டால் போதும், புரட்டாசி வரை காய்ந்து கிடந்த தரை பத்தே நாளில் பச்சை கட்டிவிடும். அருகு படரும், கோரை நிமிரும், வேலியோரம் பார்த்தீனியம் பூக்கும். ஒத்தக்கடை, நாகமலை, அலங்காநல்லூர், சோழவந்தான் பக்கம் ஏக்கர் கணக்கில் இடம் வைத்திருப்பவர்களுக்கு அப்போது தொடங்கும் கவலை தை பிறக்கும்வரை ஓயாது. புல் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், அவர் கடைசி மூலைக்கு வந்து சேர்வதற்குள் முதலில் வெட்டிய மூலை மறுபடி வளர்ந்து நிற்கும்.

இந்த நெருக்கடியில்தான் பலருக்கும் ரைடிங் மோவர் நினைவு வருகிறது. இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டிக்கொண்டே வெட்டும் வண்டி. வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய் வந்தவர்கள் அதை நேரிலேயே பார்த்திருப்பார்கள். இந்தியாவிலும் ஹஸ்க்வர்ணா, ஸ்டில், ஃபால்கன், கிசான்கிராஃப்ட் முதலிய பெயர்களில் கிடைக்கிறது. விலை லட்சங்களில்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சமப்படுத்தி, கல் பொறுக்கி, ஒரே வகைப் புல்லை வளர்த்து, வாரம் ஒருமுறை வெட்டப்படும் தரைக்காக உருவான வண்டி அது. மதுரைச் சமவெளியில் அப்படிப்பட்ட தரையும் இருக்கிறது. அப்படி அல்லாத தரை அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. எந்த வண்டி வாங்குவது, அல்லது வண்டியே வாங்காமல் விடுவதா என்பதைத் தரைதான் முடிவு செய்யும்.

நான்கு வகைத் தரை

முதல் வகை, உண்மையான புல்வெளி. ராணி மங்கம்மாள் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் தமுக்கம் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தின் முற்றம், பசுமலை உச்சியில் பல ஏக்கர் பரப்பில் உள்ள தாஜ் குழும விடுதி, நகரின் பழைய கல்லூரிகளின் முகப்புத் தோட்டங்கள் எல்லாம் இந்த இனம். நீர் பாய்ச்சி, உரம் போட்டு, ஆண்டு முழுவதும் பேணுகிறார்கள். நர்சரிக்காரர்கள் கொரியன் புல், மெக்சிகன் புல் என்று விற்பவை இங்கேதான் விரிக்கப்படுகின்றன.

இரண்டாவது, விளையாட்டு மைதானம். மூன்றாவது, தோப்பு: வைகை ஓரத்துத் தென்னை, அழகர்மலை அடிவாரத்து மா, கொய்யா. நான்காவது, கட்டடத்துக்கும் வேலிக்கும் நடுவே சும்மா கிடக்கும் நிலம். பள்ளி, கல்லூரி, ஆலை, மருத்துவமனை என்று எங்கு போனாலும் இதுதான் மிகுதி. 1966-இல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழக வளாகம் நூற்றுக்கணக்கான ஏக்கர். அவ்வளவு பெரிய இடத்தில் புல்வெளி என்று சொல்லத்தக்கது ஒரு சிறு பங்குதான் இருக்க முடியும், மீதியெல்லாம் மழைக்கு முளைத்து வெயிலுக்குக் காயும் தரை.

முதல் வகைக்கு ரைடிங் மோவர் பொருந்தும். இரண்டாவதில் சீராகப் பேணும் ஆடுகளத்துக்கு மட்டும் அதன் ஒரு தனி இனம் வேண்டும். மூன்றுக்கும் நான்குக்கும் பெரும்பாலும் அது தவறான பொருள்.

எந்த வகை என்று தெரிந்தாலும், ஒருநாள் காலையில் இடம் முழுவதும் நடந்து பார்ப்பது அவசியம். புல் உயரமாக இருக்கும்போது நடப்பதில் பயனில்லை. மாசி, பங்குனியில், தரை வெறுமையாக இருக்கும்போது நடக்க வேண்டும். அப்போதுதான் புல் மறைத்து வைத்திருந்ததெல்லாம் தெரியும்: பாதி புதைந்த பாறை, வீடு கட்டியபோது மிஞ்சிய கம்பித் துண்டு, சொட்டுநீர்க் குழாய், வால்வு பெட்டி, எலி வளை, கரிசலில் கை நுழையும் அளவுக்கு வாய்பிளந்த வெடிப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியை நட்டு, நுனியில் சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும். நடந்து முடித்துத் திரும்பிப் பார்க்கையில் ஏக்கருக்கு நாலைந்து துணி பறந்தால் அங்கே ரைடிங் மோவர் ஓட்டலாம். இருபது முப்பது பறந்தால் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது.

சரிவையும் இதே நடையில் அளந்துவிடலாம். பெரும்பாலான ரைடிங் மோவர்களின் கையேடு 15 பாகைக்கு மேல் சரிந்த தரையில் ஓட்டக் கூடாது என்கிறது. பத்தடி நீளக் கழி ஒன்றை மேட்டில் ஒரு முனை வைத்துச் சமமாகப் பிடிக்கும்போது, மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி சுமார் இரண்டே முக்கால் அடி வந்தால் அது 15 பாகை. சமவெளி வயல்காட்டில் இந்தப் பிரச்சினை இருக்காது. கண்மாய்க்கரை, யானைமலை, நாகமலை அடிவாரம், பசுமலைச் சரிவு ஆகிய இடங்களில் இருக்கும். கண்மாய்க் கரையில் ரைடிங் மோவரை ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. பின்சக்கரம் வழுக்கிய வண்டியை பிரேக் நிறுத்தாது.

கணக்குப் போடுவது

ஒரு வண்டி மணிக்கு எவ்வளவு வெட்டும் என்பதை விற்பவர் சொல்லும் வாக்கை நம்பாமல் நாமே கணக்கிடலாம். வெட்டும் அகலத்தை மீட்டரிலும், வேகத்தை மணிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். திரும்புவதற்கும், ஒரு வரிசை மேல் அடுத்த வரிசை சற்று ஏறி வெட்டுவதற்கும் அந்தக் கழிவு.

42 அங்குல டெக் உள்ள வண்டி என்று எடுத்துக்கொள்வோம். கத்திகள் சுழலும் தகரக் கூட்டுக்கு டெக் என்று பெயர். 42 அங்குலம் 1.07 மீட்டர். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 6,400 சதுர மீட்டர், கழிவு போக 5,100. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர் என்பதால் மணிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர். மூன்று ஏக்கர் இரண்டரை மணி நேர வேலை.

இதே மூன்று ஏக்கரை 21 அங்குலத் தள்ளும் மோவரில் வெட்டினால் மணிக்கு 42 சென்ட் தேறும், மொத்தம் ஏழு மணி நேரத்துக்கு மேல். அந்த ஏழு மணி நேரத்தில் தள்ளுபவர் நடக்கும் தூரம் குறைந்தது 23 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சோழவந்தானுக்கு எந்திரத்தைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்வதற்கு ஏறக்குறைய அதே தூரம். ஐப்பசி வெயிலில், மழை விட்ட புழுக்கத்தில், இதை வாராவாரம் ஒருவரைச் செய்யச் சொல்வது நியாயமில்லை. தோளில் மாட்டி வெட்டும் பிரஷ் கட்டரோ இன்னும் மெதுவானது. நாள் முழுவதும் அதன் அதிர்வைத் தாங்கும் கைகளுக்கு விரல் மரத்துப்போகும் நோய் வரும் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். வேலை செய்பவரின் உடம்பையும் கணக்கில் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

இந்தக் கணக்கின்படி, 50 சென்ட் வரையுள்ள புல்வெளிக்குத் தானாக நகரும் தள்ளு மோவர் போதும். ஒரு ஏக்கரைத் தாண்டி, இடையூறு குறைவாக இருந்தால் ரைடிங் மோவரை யோசிக்கலாம். இடைப்பட்ட அளவில், மரமும் பூப்பாத்தியும் எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்தது. பெரிய டெக் எப்போதும் நல்லது என்று நினைக்கக் கூடாது. 42 அங்குல டெக் உள்ள வண்டியின் பக்கவாட்டில் புல்லைத் தள்ளும் வாய் நீட்டிக்கொண்டிருக்கும், மொத்த அகலம் நாலடிக்கு மேல் வந்துவிடும். வீட்டைச் சுற்றிப் போகும் சந்து, மாட்டுக் கொட்டகை வாசல், உள்வேலிக் கதவு எல்லாவற்றையும் டேப்பால் அளந்த பிறகே டெக்கின் அகலத்தைப் பேச வேண்டும்.

வண்டிகளின் இனம்

மிகப் பரவலானது லான் டிராக்டர். முன்னால் எஞ்சின், நடுவே வயிற்றுக்கடியில் டெக், பின்சக்கரத்துக்கு இயக்கம். ஓட்டிப் பழகுவது எளிது, சின்னத் தள்ளுவண்டியை இழுக்கவும் உதவும். திரும்புவதற்குக் கொஞ்சம் இடம் கேட்கும்.

ஜீரோ டர்ன் என்ற இனத்தில் ஸ்டீயரிங் இல்லை, இரண்டு நெம்புகோல்கள். பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி ஹைட்ராலிக் மோட்டாரில் ஓடுவதால் நின்ற இடத்திலேயே முழுச் சுற்று திரும்பும். மரமும் பூச்செடியும் நிறைந்த விடுதித் தோட்டத்தில் அது பாதி நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் முன்சக்கரங்கள் வெறும் உருளிகள், அவற்றுக்குத் தனிப் பிடிப்பு கிடையாது. ஈரத்திலும் சரிவிலும் அது ஓட்டுபவரின் பேச்சைக் கேட்காது. விலையும் கூடுதல். புதிதாகப் பழகும் தோட்டக்காரரிடம் இதைக் கொடுத்தால் முதல் வாரத்திலேயே இரண்டு செம்பருத்தி போகும்.

மூன்றாவது இனம் சிலிண்டர் மோவர் எனும் உருளைக் கத்தி வண்டி. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊர்க்காரரான எட்வின் பியர்ட் பட்டிங் 1830-இல் கண்டுபிடித்த உலகின் முதல் புல்வெட்டும் எந்திரமே இந்த வகைதான். கம்பளி ஆலையில் துணியின் மேல் நீட்டி நிற்கும் இழைகளைச் சுழல் கத்தியால் சீராக நறுக்கும் எந்திரத்தைப் பார்த்து, அதையே புல்லுக்கு மாற்றினார். ஆலை நகரமான மதுரைக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. சுழலும் உருளைக் கத்தியும் அசையாத அடிக்கத்தியும் காகிதம் நுழையும் இடைவெளியில் சந்தித்துப் புல்லைக் கத்தரிக்கும். நுனி பிய்யாது, வெட்டிய இடம் பழுக்காது. 2025 அக்டோபரில் சிந்தாமணியில் திறக்கப்பட்ட வேலம்மாள் கிரிக்கெட் மைதானம் போன்ற ஆடுகளத்துக்கு, புல்லை மிகக் குட்டையாகவும் சீராகவும் வைத்திருக்க வேண்டிய இடத்துக்கு, இதுவே உரிய கருவி. ஒரு கூழாங்கல் உள்ளே போனால் அடிக்கத்தி பள்ளம் விழுந்துவிடும், அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கோடு வெட்டுப்படாமல் நிற்கும். எனவே பள்ளி மைதானத்துக்கு இதை யாரும் வாங்க வேண்டாம். சாதாரணச் சுழல்கத்தி வண்டி அங்கே போதுமானது.

தோப்புக்கு வேறு வழி

இப்போது மூன்றாம், நான்காம் வகைத் தரை. மதுரைப் பக்கம் பெரிய இடம் என்றால் பெரும்பாலும் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சோழவந்தான் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி. ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வட்டப்பாத்தி, பாத்திக்குப் பாத்தி வாய்க்காலோ சொட்டுநீர்க் குழாயோ. தரையில் விழுந்த மட்டை, பாளை, குரும்பை. வயிற்றுக்கடியில் டெக் வைத்த லான் டிராக்டர் இங்கே இறங்கினால் முதல் வரப்பிலேயே டெக் தட்டும். ஒரு குரும்பை கத்தியில் சிக்கினால் கத்தி நிற்கும், பெல்ட் வழுக்கிக் கருகும். பாளைக் காம்பு தாக்கினால் கத்தித் தண்டு வளையும். வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது சவரக் கத்தி, தோப்புக்கு வேண்டியது அரிவாள்.

அந்த அரிவாள், மினி டிராக்டரின் பின்னால் பூட்டும் ஸ்லாஷர். பின்னால் பூட்டும் கருவிக்கு விசை தரும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று வேகத்தில் சுழன்று ஸ்லாஷரின் தடித்த கத்திகளை இயக்கும். கத்திகள் ஊசலாடும்படி முளையில் மாட்டப்பட்டிருப்பதால் கல்லிலோ கட்டையிலோ பட்டால் மடங்கி வழிவிடும். இடுப்பளவு புல்லையும் விரல் பருமன் சீமைக்கருவேலங் கன்றையும் அது சாய்த்துவிடும். மஹிந்திரா யுவராஜ், ஸ்வராஜ் கோட், வி.எஸ்.டி., கேப்டன், குபோட்டா என்று 11 முதல் 25 குதிரைத்திறன் வரை மினி டிராக்டர்கள் கிடைக்கின்றன. அவற்றின் குறுகிய உடல் தென்னை வரிசைக்குள் தாராளமாகப் போய்வரும். விலை ஒரு நல்ல ரைடிங் மோவரின் விலைக்கு வெகுதூரத்தில் இல்லை. உழவு, டிரெய்லர், மருந்தடிப்பு என்று ஆண்டு முழுவதும் வேலையும் உண்டு. மூன்று மாதம் ஓடி ஒன்பது மாதம் நிற்கும் வண்டியோடு ஒப்பிட்டால் இந்த ஒரு காரணமே முடிவைச் சொல்லிவிடும்.

விவசாயிக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்குப் பல கருவிகளில் 50 சதவீதமும் மற்ற விவசாயிகளுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் தருகிறார்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ உழவன் செயலியிலோ முதலில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்த பிறகே கருவியை எடுக்க வேண்டும். வாங்கிவிட்டு வந்து பில்லைக் காட்டுபவர்கள் ஏமாற்றத்தோடுதான் திரும்புவார்கள். மானியம் விவசாயக் கருவிக்கு உரியது. வீட்டுப் புல்வெளிக்கான மோவரை அந்தக் கணக்கில் எதிர்பார்த்துத் திட்டம் போடக் கூடாது.

ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மட்டும் வெட்டினால் போதும் என்ற இடத்துக்கு வாங்கவே தேவையில்லை. துறையின் இ-வாடகை வசதியிலோ ஊரில் உள்ள டிராக்டர்காரரிடமோ மணிக் கணக்கில் பேசிக்கொள்ளலாம். கிடை போடும் பழக்கம் இன்னும் இருக்கும் ஊர்களில் அறுவடைக்குப் பின் தோப்பிலும் தரிசிலும் ஆட்டுக்கிடை மறிக்கச் சொல்வது எந்த எந்திரத்தையும்விட மலிவு. புல்லும் குறையும், புழுக்கையும் சேரும். இளம் மரக்கன்றுகளுக்கு மட்டும் முள்வேலி போட்டுக் காப்பாற்ற வேண்டும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரைடிங் மோவரும் ஸ்லாஷரும் புல்லைத் துண்டு துண்டாகச் சிதறடித்துவிடும், அதை அள்ளித் தொட்டியில் போட முடியாது. பசுந்தீவனம் முக்கியம் என்றால் அறுத்துக் கட்டும் முறையே சரி. பக்கத்து வீட்டு மாட்டுக்காரருக்குப் புல் அறுத்துக்கொள்ள அனுமதி கொடுத்துப் பாதி வேலையை முடித்துக்கொள்ளும் பண்ணைகள் பல உண்டு.

ரைடிங் மோவர்தான் என்று முடிவானால்

தரை பொருந்தி, பரப்பும் பொருந்தி, ரைடிங் மோவரே வாங்குவது என்றால் மதுரையின் வெயிலும் மண்ணும் சில கேள்விகளைக் கேட்கும்.

முதலாவது கியர். விலை குறைந்தவை கையால் மாற்றும் கியரோடும், மற்றவை பெடலை அழுத்த அழுத்த வேகம் கூடும் ஹைட்ரோஸ்டேட்டிக் இயக்கத்தோடும் வரும். மரத்துக்கு மரம் முன்னும் பின்னும் போக இரண்டாவது மிக வசதி. ஆனால் அது எண்ணெயின் அழுத்தத்தில் ஓடுவது. கடும் வெயிலில் எண்ணெய் இளகினால் இழுவை குறையும். அதன் குளிர்விசிறியைச் சுற்றிப் புல் அடையாமல் பார்த்துக்கொண்டு, காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நான்குக்குப் பின்போ ஓட்டினால் தொல்லை இராது.

எஞ்சின் பெரும்பாலும் காற்றால் குளிர்வது. அதன் சிறகுகளுக்கிடையே காய்ந்த புல்லும் செம்மண் தூசியும் அடைந்தால் சூடேறிக் கெடும். காற்று வடிகட்டியின் மேல் நுரைப்பஞ்சு உறை தனியாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். அதைச் சோப்பு நீரில் அலசிக் காயவைத்து மறுபடி மாட்டலாம், தாள் வடிகட்டியை அப்படிச் செய்ய முடியாது. எஞ்சின் எண்ணெயை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது பொதுவான வழக்கம். மேலூர்ச் செம்மண் தூசியில் ஓடும் வண்டிக்கு அதில் பாதி நேரத்திலேயே மாற்றிவிடுவது நல்லது.

டயர் சின்ன விஷயமாகத் தோன்றும். புல்வெளி டயர்கள் மெல்லியவை, சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் அவற்றை எளிதில் துளைத்துவிடும். புது வண்டி வந்த அன்றே நான்கு டயரிலும் பஞ்சர் அடைக்கும் திரவத்தை ஊற்றிவிட்டால் பாதிக் காலம் காற்றடிப்பதில் போகாது. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் மழை நின்று இரண்டு மூன்று நாளாவது கழித்தே வண்டியை இறக்க வேண்டும். ஈரக் கரிசல் டயரில் அப்பிக்கொண்டு தரையைப் பிய்க்கும், அந்தத் தடம் காய்ந்தால் அடுத்த ஆண்டுவரை பள்ளமாக நிற்கும்.

வெட்டிய புல்லை என்ன செய்வது? பையில் சேர்ப்பது, பக்கவாட்டில் தள்ளுவது, பொடியாக்கித் தரையிலேயே விடுவது என்று மூன்று வழி. ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பாதியளவு வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீரும் மதுரையில் மூன்றாவதே சிறந்தது. பொடிந்த புல் மூடாக்காகப் படிந்து ஈரத்தைக் காக்கும். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் இருந்தால்தான் அது பொடியாகி மறையும், இல்லையென்றால் கட்டி கட்டியாகக் கிடந்து கீழே உள்ளதை அழுகவைக்கும். கோடையில் வெட்டும் உயரத்தை ஒரு படி ஏற்றி வைப்பதும் அவசியம். ஒட்ட வெட்டிய அருகு சித்திரை வெயிலில் செம்பட்டையாகிவிடும்.

பெட்ரோல் விஷயத்தில் இப்போது கூடுதல் கவனம் தேவை. பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. சிறிய எஞ்சின் தயாரிப்பாளர்கள் பலர் 10 சதவீதம் வரையே ஏற்கிறார்கள். வாங்கும் மாடலின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கடையிலேயே திறந்து பார்க்க வேண்டும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ரப்பர்க் குழாயை உப்பவைக்கும். மதுரையில் நீர் பாய்ச்சாத தரையில், தை முடிந்தால் புரட்டாசி வரைகூட வண்டிக்கு வேலை இருக்காது. அத்தனை மாதமும் டேங்கில் பெட்ரோலை விட்டுவைத்தால் கார்புரேட்டரில் பிசின் கட்டி, முதல் மழைக்குப் பின் வண்டி கிளம்பாது. கடைசியாக வெட்டிய அன்றே டேங்கை வடித்து, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி, டெக்கைக் கவிழ்த்துச் சுரண்டிக் கழுவி, காய்ந்தபின் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஒயர்களை எலி கடிக்காத இடமாகப் பார்த்து நிறுத்துவதும் இதில் சேர்த்தி.

ஓட்டுபவர்

சுழல்கத்தியின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் தெறிக்கும் ஜல்லி கார்க் கண்ணாடியை உடைக்கும், கண்ணையும் பறிக்கும். பக்கவாட்டு வாயின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது, அடைப்பு எடுக்கச் சுலபம் என்று. இருக்கையை விட்டு எழுந்தால் கத்தியை நிறுத்தும் சுவிட்சை ஒயர் சுற்றிச் செயலிழக்கச் செய்வதும் நடக்கிறது. இந்த இரண்டையும் உரிமையாளர் ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. குழந்தையை மடியில் வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவதற்கும் இதே பதில்தான்.

வெட்டும் திசையிலும் கவனம் வேண்டும். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தால் புல்லுக்குள் இருக்கும் பாம்பு, முயல், கவுதாரி எல்லாம் வேலி நோக்கி ஓடித் தப்பிக்கும். வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு போனால் எல்லாம் நடுவில் கடைசித் துண்டுப் புல்லில் மாட்டிக்கொள்ளும். மதுரைப் புறநகரில் இப்போது மயில்கள் நிறைய. அவை தரையிலேயே முட்டையிடும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் அவற்றுக்கு உண்டு. முட்டை கண்ணில் பட்டால் சுற்றிப் பத்தடியை வெட்டாமல் விட்டு, குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

ரைடிங் மோவரின் மாடலை முடிவு செய்வதற்கு முன் மெக்கானிக்கை முடிவு செய்ய வேண்டும். டிராக்டர் பழுது பார்க்க மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் ஆள் உண்டு. ஹைட்ரோஸ்டேட்டிக் மோவரைத் திறக்கத் தெரிந்தவர் மதுரையிலேயே அரிது. சர்வீஸ் ஆள் கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வேண்டும் என்றால் வரும் செலவு யாருடையது, எத்தனை நாளில் வருவார் என்பதைப் பேசி, பில்லோடு எழுதி வாங்க வேண்டும்.

டெக் பெல்ட், இயக்கும் பெல்ட், ஒரு ஜோடி கத்தி, இரண்டு காற்று வடிகட்டி, கத்தித் தண்டின் பேரிங் ஆகியவை கடையில் கையிருப்பில் இருக்கின்றனவா என்று கேட்பதோடு நிற்காமல், எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். ‘வரவழைச்சுத் தந்துடலாம் சார்’ என்பது இருப்பு அல்ல. கார்த்திகை மாதம் பெல்ட் அறுந்து, புதியது வெளிநாட்டிலிருந்து தை மாதம் வந்து சேர்ந்தால் அந்த ஆண்டுப் பருவமே போய்விட்டது. வண்டியோடு சேர்த்தே இந்த உதிரிகளை ஒரு செட் வாங்கி வைப்பவர்கள் பின்னால் வருந்துவதில்லை. கத்தியைத் தீட்ட மட்டும் வெளியூர் போக வேண்டியதில்லை, உள்ளூர்ப் பட்டறையிலேயே முடியும். தீட்டியபின் நடுத்துளையை ஆணியில் மாட்டிப் பார்த்து, ஒரு பக்கம் சாயாமல் சமமாக நிற்கிறதா என்று சோதிக்கச் சொல்ல வேண்டும். எடை சமமில்லாத கத்தி அதிர்ந்து அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும்.

செயல்விளக்கத்தைக் கடை முன்னால் உள்ள சிமென்ட் தரையில் பார்ப்பதில் பொருளில்லை. வண்டியைச் சொந்த இடத்துக்கே கொண்டுவரச் சொல்லி, புல் நன்றாக வளர்ந்து நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில், சிவப்புத் துணி நட்ட மோசமான மூலையில் அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். ஓட்டுபவர் விற்பனையாளராக இருக்கக் கூடாது, நாளை அதை ஓட்டப்போகும் தோட்டக்காரரே ஏறி உட்கார வேண்டும். இறங்கியதும் அவரிடம் மூன்று கேள்வி: பெடல் காலுக்கு எட்டுகிறதா, திரும்பும்போது எங்கே பயமாக இருந்தது, டெக்கைத் தனியாளாகக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா. அவர் சொல்லும் பதிலைக் கேட்டபிறகு முன்பணம் கொடுக்கலாம்.